வாராவாரம் ஏரிக்கரையைச் சுத்தம் செய்கிறோம், செவ்வாய்க்குள் மறுபடி கொட்டிவிடுகிறார்கள். என்ன செய்வது?

கரையோரம் (கேள்வி):

வணக்கம். சென்னைப் புறநகரில் ஒரு சின்ன ஏரியை ஒட்டி எங்கள் வீடு. எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் இருக்கிற சிலர் சேர்ந்து ஞாயிறு காலையில் கரையில் கிடக்கும் குப்பையை அள்ளுகிறோம். பொங்கல் கழிந்து தொடங்கியது, இன்னும் விடவில்லை. கையுறை, சாக்கு, மண்வெட்டி, பாண்டு எல்லாம் சொந்தக் காசு. காலேஜ் பிள்ளைகள், ரிட்டையர் ஆன ஒரு போஸ்ட்மாஸ்டர், என்னைப் போல வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் என்று கலவையான கூட்டம்.

தலைவலி எல்லாம் கரை வளைந்து மெயின் ரோட்டில் சேருகிற இடத்தில்தான். அங்கே தெருவிளக்கு கிடையாது. ஒரு பக்கம் காலி மனைகள், இன்னொரு பக்கம் சீமைக்கருவேலம். ஞாயிறு பத்து மணிக்குப் பார்த்தால் தரை தெரியும். திங்களே நாற ஆரம்பிக்கும். செவ்வாய்க்குள் பழைய கோலம். கட்டட ரப்பிஷ், கோழி இறகு மூட்டை, சலூன் முடி, இளநீர் மட்டை, மண்டபத்து இலையும் பேப்பர் கப்பும், பழைய மெத்தை, உடைந்த கமோடு. போன வாரம் ஒரு மஞ்சள் பையில் ஊசியும் டியூபும் இருந்தன.

'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று போர்டு வைத்தோம். இப்போது அந்தப் போர்டில்தான் மூட்டையைச் சாய்த்து வைக்கிறார்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தோம், 'ஆள் அனுப்புகிறோம்' என்றார்கள். நாங்கள் கட்டி வைத்த சாக்குகளையே நாலு நாள் கழித்துத்தான் எடுத்தார்கள், அதற்குள் நாய்கள் கிழித்துவிட்டன.

குழுவில் இப்போது சண்டை. ஒரு பக்கம் பணம் போட்டு கேமரா வைக்கலாம் என்கிறது. ஒரு பக்கம் சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டலாம் என்கிறது. மிச்சம் பேர் ஞாயிறு தூங்கலாம் என்கிறார்கள். இந்த வேலையை உண்மையாகவே தொடர்ந்து செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மொட்டைமாடி:

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சம்பளம் இல்லாத தூய்மைப் பணியாளர்கள். வரி கட்டுவதும் நீங்கள், அள்ளுவதும் நீங்கள் என்றால் அதிகாரிக்கு என்ன அவசரம்? ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். நாற்றம் கவுன்சிலர் வீடு வரைக்கும் போகட்டும், தானாக லாரி வரும்.

பெங்களூர்வாசி:

இங்கே 2010 வாக்கில் 'தி அக்லி இண்டியன்' என்று ஒரு குழு கிளம்பியது. பெயரும் முகமும் காட்டாமல் வேலை செய்வார்கள். குப்பை அள்ளுவதோடு விடமாட்டார்கள். அன்றைக்கே சுவருக்குப் பெயிண்ட் அடித்து, நடைபாதையைச் சரிசெய்து, தொட்டி வைத்து, அந்த இடத்தை யாரோ பயன்படுத்துகிற இடம் மாதிரி மாற்றிவிடுவார்கள். பேச்சு, ஊர்வலம் எதுவும் கிடையாது. எங்கள் ஏரியாவில் இதே முறையில் செய்த ஒரு முனை இன்றைக்கும் சுத்தமாக இருக்கிறது. நீங்களும் அள்ளிய இடத்தை வெறுமனே விடாமல் ஒரு பெஞ்சாவது போடுங்கள்.

காயலான்கடை:

மேடம், நான் பழைய இரும்பு, பிளாஸ்டிக், பேப்பர் எடுக்கிற கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து ஏரியிலும் ஒரு குழு இருக்கிறது, அவர்களோடு நானும் இறங்குவேன். வாரம் முழுக்க இதே சரக்கைத் தராசில் நிறுத்துகிறவன் என்பதால் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய பட்டியலை இன்னொரு தரம் படியுங்கள். அதில் தண்ணீர் பாட்டில் இல்லை. அட்டைப்பெட்டி இல்லை. இரும்பு இல்லை, பால் கவர் இல்லை. அதையெல்லாம் அங்கே யாரும் கொட்டவில்லை என்றா நினைக்கிறீர்கள்? விடிவதற்கு முன்பே பொறுக்குகிறவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அப்படி எடுத்து வருகிற அம்மாக்கள் தினமும் காலையில் என் கடை வாசலில் மூட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆக, கரையில் நீங்கள் பார்ப்பது விலை போகாத சரக்கு மட்டும். காசு கொடுத்தால்தான் ஒருவன் அதை எடுத்துப்போவான். அந்தக் காசை மிச்சம் பிடிக்க வந்தவன்தான் இருட்டில் கொட்டுகிறான். அவனுக்கு போர்டைப் படிக்கத் தெரியும்.

டாஸ்மாக் பாட்டிலையே பாருங்கள். 2022ல் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் தருகிற திட்டம் வந்தது. காட்டில் உடைந்து யானைக் காலைக் கிழித்துக்கொண்டிருந்த பாட்டில் கடைக்குத் திரும்ப ஆரம்பித்தது. அப்புறம் மற்ற மாவட்டங்களுக்கும் போனது. குடிப்பவர்கள் யாரும் திருந்திவிடவில்லை, பாட்டிலுக்கு ஒரு விலை வந்தது, அவ்வளவுதான்.

அதனால் 'குப்பை' என்று மொத்தமாகப் பேசாதீர்கள். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு முதலாளி இருக்கிறான், ஒரு கிழமை இருக்கிறது.

ரப்பிஷை எடுத்துக்கொள்வோம், கனமும் அதுதான், அதிகமும் அதுதான். யாரோ ஒருவர் வீட்டில் பாத்ரூம் இடித்துக் கட்டுகிறார். ரப்பிஷ் எடுக்க என்று மேஸ்திரியிடம் தனியாகப் பணம் கொடுக்கிறார். மேஸ்திரி ஒரு குட்டியானையை, அதாவது சின்ன லோடு வண்டியைக் கூப்பிட்டு லோடுக்கு இவ்வளவு என்று பேசுகிறார். குட்டியானை முக்கால் டன் தாங்கும். சென்னையில் இடிபாட்டைப் பதப்படுத்தப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் ஆலை இருக்கிறது. ஆனால் டிராஃபிக்கில் அங்கே போய் வர டீசலும் அரை நாளும் ஆகும். உங்கள் கரை ரெண்டு கிலோமீட்டர். டிரைவர் எதைச் செய்வான்? வீட்டுக்காரருக்குப் பாதி நேரம் இது தெரியவே தெரியாது.

எனவே டிரைவரைத் துரத்தாதீர்கள். கொட்டியிருக்கிற டைல்ஸின் நிறத்தைப் படம் எடுங்கள். சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் வேலை நடக்கிறது என்று பாருங்கள், வாசலில் மணல் குவித்திருப்பார்கள். அந்த நீல டைல்ஸோ ரோஸ் கலர் வாஷ்பேசினோ யார் வீட்டுடையது என்று ஒரு மாலை நடந்தாலே தெரிந்துவிடும். எங்கள் போஸ்ட்மேனுக்கு இதெல்லாம் அத்துப்படி, உங்களிடம் போஸ்ட்மாஸ்டரே இருக்கிறார். வீட்டுக்காரரிடம் சண்டை போடாமல் படத்தைக் காட்டுங்கள், அவரே மேஸ்திரிக்கு போன் போடுவார். இன்னொன்று, சுத்தமான செங்கல், கான்கிரீட் துண்டுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. புதுசாக வீடு கட்டுகிற யாராவது பேஸ்மெண்ட் நிரப்ப அலைந்துகொண்டுதான் இருப்பார். இடிக்கிறவரையும் நிரப்புகிறவரையும் கோர்த்துவிட எங்கள் குழு ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறது. மேஸ்திரிகள்தான் அதில் அதிகம். நாங்கள் செய்ததில் உருப்படியான காரியம் இதுதான் என்பேன்.

கோழி இறகு. கறிக்கடைக்கு ஞாயிறுதான் பெரிய வியாபாரம். கடை சாத்திய பிறகு, ராத்திரி, மூட்டை வெளியே வரும். நீங்கள் ஞாயிறு காலையில் சுத்தம் செய்கிறீர்கள், அவன் ஞாயிறு ராத்திரி கொட்டுகிறான். திங்கள் நாறாமல் என்ன செய்யும்? கடைக்கு லைசென்ஸ் கொடுப்பது உள்ளாட்சி, ஆகவே சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஒரு நடை போய் வந்தாலே பாதி அடங்கும். உங்கள் மனுவில் 'ஏரியில் குப்பை' என்று எழுதாமல் 'ஞாயிறு இரவு கோழிக்கழிவு' என்று எழுதுங்கள்.

மண்டபத்து இலைக்கு முகூர்த்த நாள் காலண்டர் போதும். நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேருகிற இடங்களைத் திடக்கழிவு மேலாண்மை விதியே மொத்த உற்பத்தியாளர் என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. மண்டபத்துக்காரர் தெரியாது என்று சொல்ல முடியாது.

மஞ்சள் பையைத் தொடாதீர்கள். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் டிடி ஊசி போட்டிருக்கிறோம், ஆனால் ஊசிக்குத்தில் வருகிற மற்ற நோய்களுக்கு அது உதவாது. 2016 விதிப்படி மருத்துவக் கழிவுப் பையில் பார்கோடு இருக்கவேண்டும். இருந்தால் தூரத்திலிருந்தே ஜூம் செய்து படம் எடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புங்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கேரளாவிலிருந்து வந்த ஆஸ்பத்திரிக் கழிவைக் கொட்டியது ஞாபகம் இருக்கும். குவியலுக்குள் கிடந்த சீட்டுகளை வைத்துத்தான் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, கேரளாவிலிருந்தே லாரி வந்து திரும்ப அள்ளிக்கொண்டு போனது. குப்பை தன் விலாசத்தையும் சேர்த்தேதான் கொண்டுவரும். கூரியர் கவர், கரண்ட் பில், மருந்துச் சீட்டு எதையும் படிக்காமல் சாக்கில் போடாதீர்கள்.

கரையில் வட்டமாகக் கருகிய தடம் இருந்தால் அது ஒயர் எரித்தது, உள்ளே இருக்கும் செம்புக்காக. என் தொழில்காரர்கள் வாங்குவதால்தான் எரிக்கிறார்கள். எரித்த செம்புக்கு உரித்த செம்பைவிட விலை கம்மி, நான் எரித்ததை வாங்குவதே இல்லை. உங்கள் பக்கத்துக் கடைக்காரரிடமும் பேசிப் பாருங்கள்.

கடைசியாக, சாக்கு. எடுக்க வண்டி உறுதியாகாமல் ஒரு சாக்கைக்கூட நிரப்பாதீர்கள். ராத்திரி ரோட்டோரம் கிடக்கிற சாக்கு, 'இங்கே கொட்டலாம்' என்று ஊருக்கே சொல்லும். மும்பை வெர்சோவா கடற்கரையை 2015 அக்டோபரில் அள்ள ஆரம்பித்த வக்கீல் அஃப்ரோஸ் ஷாவுக்கு அடுத்த வருஷமே ஐ.நா. விருது கிடைத்தது. அவரே 2017 நவம்பரில் கொஞ்ச நாள் நிறுத்தினார். ரவுடிகள் திட்டியது ஒரு காரணம், அள்ளி வைத்ததை நிர்வாகம் எடுக்காதது இன்னொரு காரணம். அப்புறம் தொடர்ந்தார், 2018ல் அந்தக் கரையில் ஆமைக்குஞ்சு பொரித்தது. அவருக்கே அந்த நிலைமை. நீங்கள் உங்கள் ஏரியாவின் துப்புரவு மேஸ்திரியோடு (கட்டட மேஸ்திரி இல்லை) பேசி, வண்டி வருகிற நாளுக்கு உங்கள் வேலை நாளை மாற்றுங்கள். பல இடத்தில் ஞாயிறு ஆள் குறைவு. நாங்கள் சனிக்கிழமைக்கு மாறினோம்.

மொட்டைமாடி சார், நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு மாதம் விட்டால் லாரி வராது. குவியல் பெரிசாகும், யாரோ கொளுத்துவார்கள், புகை ஒரு வாரம் நிற்கும்.

கரையோரம்:

அண்ணா, இப்படி ஒரு பதில் வரும் என்று நினைக்கவில்லை. நன்றி.

நேற்று மாலை நீங்கள் சொன்னபடி நானும் போஸ்ட்மாஸ்டர் சாரும் போய்ப் பார்த்தோம். பச்சைப் பூப்போட்ட பழைய டைல்ஸ், உடைந்த கமோடும் அதே பச்சை. சார் பார்த்ததுமே 'இது மூன்றாவது குறுக்குத் தெரு மாடிவீடு' என்றார். அந்த வீட்டு அம்மாவுக்கு நிஜமாகவே தெரியவில்லை. ரப்பிஷ் எடுக்க மேஸ்திரிக்குக் கொடுத்த தொகையைச் சொல்லி அவரே பொரிந்து தள்ளிவிட்டார்.

சந்தேகங்கள். கேமரா வைக்கலாமா, வேண்டாமா? சாமி டைல்ஸ்? மெத்தையையும் முடியையும் யார் எடுப்பார்கள்? சிப்ஸ் கவர் மூட்டை மூட்டையாகச் சேருகிறது, அதை என்ன செய்வது?

பழைய கணக்கர்:

வருவாய்த் துறையில் வேலை பார்த்தவன். கேமராவுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த ஏரி யாருடையது என்று தெரிந்துகொண்டீர்களா? 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாய்கிற நிலம்) இருந்த ஏரி என்றால் பொதுவாக நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். ஊர் நகராட்சி, மாநகராட்சியாக வளர்ந்த இடங்களில் கை மாறியிருக்கும். மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம், காலி மனை தனியாருடையது. கொட்டுகிறவனுக்கு இது தெரியுமோ தெரியாதோ, சரியாக மூன்று பேருக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் கொட்டுவான். உங்கள் மனு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றுவதற்கு இதுவே காரணம்.

புல எண்ணை (சர்வே நம்பர்) வைத்து, நிலம் யாருடையது என்று இணையத்திலேயே அ-பதிவேட்டில் பார்க்கலாம், புல வரைபடமும் கிடைக்கும். மனுவில் புல எண், இடம், கிழமை, படம் நான்கும் இருக்கட்டும். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100ல் சொன்னால் மனு எண் வரும், அதை வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள். கரையை மண் கொட்டி மேவுகிற அளவுக்குப் போனால் அது வெறும் குப்பைப் பிரச்சினை இல்லை, ஆக்கிரமிப்பு. அதற்கு 2007ஆம் வருஷத்து ஏரிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் தெருவிளக்கு கேட்பேன். 'குப்பை கொட்டுவதைத் தடுக்க வேண்டும்' என்ற மனுவை யார் முடிப்பது? கம்பத்தில் ஒரு விளக்கு என்றால் ஒரு உதவிப் பொறியாளர் கையெழுத்தோடு முடியும். அடுத்து, கரை தொடங்குகிற இடத்தில் குட்டியானை நுழைய முடியாதபடி கல் தூண் கேளுங்கள். சைக்கிளும் பைக்கும் போகட்டும்.

தனியாகப் போராடுகிறோம் என்றும் நினைக்காதீர்கள். சிட்லபாக்கத்தில் 2019 வறட்சியில் ஏரி காய்ந்தபோது ஜனங்கள் இறங்கி அள்ளினார்கள். அந்த ஏரிக்குள்ளேயே வருஷக்கணக்காகக் குப்பைமேடு இருந்தது. மக்கள் இறங்கியது செய்தியானது, அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. ஜனங்கள் அள்ளியது ஒரு மூலைதான், ஆனால் அதைப் பார்க்க எல்லோரும் வந்தார்கள். ஆகவே மொட்டைமாடி சொல்கிற வேலைநிறுத்தத்தில் எனக்கும் உடன்பாடு இல்லை.

காயலான்கடை:

கணக்கர் ஐயா சொன்ன கல் தூண், கேமராவைவிட நூறு மடங்கு மேல். கேமராவில் நம்பர் பிளேட் தெரியாது, தெரிந்தாலும் தினமும் ராத்திரிப் பதிவைப் பார்க்க யார் உட்காருவது? விளக்கு வந்த பிறகு அதைப் பற்றி யோசியுங்கள்.

சாமி டைல்ஸ் சிறுநீருக்கு வேலை செய்யும், லோடு வண்டிக்குச் செய்யாது. எங்கள் பக்கத்தில் பிள்ளையார் டைல்ஸுக்கு நேர் கீழேயே இளநீர் மட்டையைக் குவித்திருந்தார்கள். பெங்களூர் சார் சொன்ன பெஞ்சும் பெயிண்ட்டும் நல்லதுதான். வீட்டுக் குப்பையைக் கவரில் கட்டி வண்டியிலிருந்து வீசிவிட்டுப் போகிறவனுக்கு அது போதும், அவன் வெட்கப்படுவான். காசுக்குக் கொட்டுகிறவன் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே கொட்டுவான். ரெண்டு பேரும் வேறு ஆட்கள்.

மெத்தை இலவம்பஞ்சு என்றால் பஞ்சு அடிக்கிறவர் எடுப்பார். ஃபோம் என்றால், நனையாமல் இருந்தால் மட்டும், அரைத்து ஒட்டித் திரும்பச் செய்கிறவர்களுக்காக வாங்குவோம். மழையில் ஊறிய மெத்தை யாருக்கும் ஆகாது, ரெண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது, அறுத்துத்தான் எடுக்கவேண்டும். கமோடு ரப்பிஷோடு நிரப்பப் போகும். முடியில் நீளமானதற்கு ஆள் உண்டு, கட்டிங் முடிக்கு எங்கள் பக்கம் யாரும் வருவதில்லை. சலூன்காரர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரு வண்டியில் போட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை. வாரம் சேர்த்து மூட்டை கட்டினால்தான் கரைக்கு வருகிறது.

சிப்ஸ் கவரை நான் வாங்கமாட்டேன், எந்தக் கடையும் வாங்காது. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய சரக்கு, பிரிக்க முடியாது. உள்ளாட்சி சேகரித்துக் கொடுத்தால் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகும். ஆனால் காய்ந்திருக்கவேண்டும், மண் கலக்கக் கூடாது. அதனால் ஈரக் குப்பையோடு ஒரே சாக்கில் அமுக்காமல் தனியாகக் கட்டுங்கள். இதற்கு ஒரு ஆளை நிறுத்தினால் போதும், குனிய முடியாத பெரியவர்களுக்கு ஏற்ற வேலை.

கறிக்கடைக்குப் போகிறதாக இருந்தால் புதன் மதியம் போங்கள், கூட்டம் இருக்காது. பேனர், டீசர்ட், கேமரா எதுவும் வேண்டாம். ரெண்டு பேர் போய் அரைக்கிலோ வாங்கிக்கொண்டே, கழிவை யார் எடுக்கிறார்கள், எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த வரிசையில் இருக்கிற எல்லாக் கடைக்கும் ஒரே ஆள்தான் எடுப்பான், அவன் நம்பர் கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள். எங்கள் ஏரிக்கும் அவனேதானா என்று பார்க்கிறேன்.